விவாதம்: பழைய மாணவர் ஜெயித்தால் கல்லூரிக்கு அதில் என்ன பங்கு?

வாசகர் கேள்வி, ஜூன் 8, 2025

கூகுளில் சுந்தர் பிச்சை, ஐபிஎம்மில் அரவிந்த் கிருஷ்ணா, நம்ம ஊர் ஸோஹோவில் ஸ்ரீதர் வேம்பு. மூன்று பேரும் ஐஐடி. இவர்களை உருவாக்கியது அந்தக் கல்லூரிகள்தான். இதை ஒத்துக்கொள்ள மனசு வராதவர்கள் எல்லாம் அங்கே இடம் கிடைக்காதவர்கள். என் பெண் அடுத்த வருடம் ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ எழுதப்போகிறாள், அதனால் கேட்கிறேன். கல்லூரி முக்கியமே இல்லை என்று எந்த தைரியத்தில் எழுதுகிறீர்கள்?

ஜூன் 8, இரவு

அங்கே இடம் கிடைக்காதவர்களில் நானும் ஒருவன், ஒளிக்க ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் அப்படி ஒரு பரீட்சை இருப்பதே பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் படித்தேன். பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் தொடாமல் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருடமும் நடத்துவார்கள். காலை ஐந்து மணிக்கு மணி அடித்தால் இரவு பதினொன்று வரை படிப்புதான். ஐஐடி என்ற சொல் அந்த வளாகத்துக்குள் வந்ததே இல்லை.

உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். மைக்ரோசாஃப்ட்டின் சத்யா நாதெல்லா மணிப்பாலில் படித்தவர். அடோபியின் சாந்தனு நாராயண் உஸ்மானியா. பெப்சிகோவை நடத்திய இந்திரா நூயி தாம்பரம் கிறித்தவக் கல்லூரி (அப்புறம் கல்கத்தா ஐஐஎம் போனார், அதை மறைக்கவில்லை). மூன்று பெயரை வைத்து நீங்கள் கட்டியதை மூன்று பெயரை வைத்து நான் கலைக்கலாம். பொழுது போகும், விஷயம் நகராது.

நான் கேட்பது வேறு. பிச்சை 1993இல் கரக்பூரில் உலோகவியல் முடித்தார். அதே வகுப்பில், அதே வாத்தியார்களிடம், அதே லேபில் படித்த மற்றவர்கள் இருப்பார்கள் இல்லையா? அவர்களும் நன்றாகத்தான் இருப்பார்கள். ஆனால் அவர்களைக் காட்டி யாரும் "இவர்களை உருவாக்கியது நாங்கள்" என்று சொல்வதில்லை. ஃபிளக்ஸில் படம் போடத் தகுந்த ஆளாக இருந்தால் மட்டும் கல்லூரிக்குப் பங்கு, மீதிப் பேர் அவரவர் தலையெழுத்து என்றால் அது என்ன கணக்கு?

ஜூன் 9

முதல் கட்டமான ஜேஇஇ மெயினுக்கு வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் பதிவு செய்கிறார்கள். அதில் முதல் இரண்டரை லட்சம் பேர்தான் இரண்டாம் கட்டமான அட்வான்ஸ்டு எழுதலாம். எல்லா ஐஐடிகளையும் சேர்த்து இடம் பதினெட்டாயிரத்துச் சொச்சம். பதினேழு வயதில் கணக்கிலும் இயற்பியலிலும் இந்த இடத்துக்கு வந்துவிட்ட ஒரு பிள்ளையை நாலு வருடம் உட்கார வைத்துச் சாப்பாடு மட்டும் போட்டாலும் வெளியே வந்து ஏதாவது செய்துவிடும். பத்து லட்சத்தைப் புடைத்துத் தேறிய மணியை எடுத்துக்கொண்டு, விளைவித்ததே நான்தான் என்று முறம் சொன்னால் எப்படி?

விளைவித்தவர்கள் வேறு ஆட்கள். எட்டாம் வகுப்பிலேயே ஃபவுண்டேஷன் கோர்ஸில் சேர்த்துவிட்ட அப்பா, கோச்சிங் வாசலில் ஸ்கூட்டியோடு காத்துக்கிடந்த அம்மா, அதற்குப் பணம் கட்ட முடிந்த வீடு. இன்னொன்றும் உண்டு. மெயின் கேள்வித்தாள் 2021இலிருந்து தமிழிலும் வருகிறது. அட்வான்ஸ்டு இன்றைக்கும் ஆங்கிலம், இந்தி இரண்டில்தான். தமிழ் வழியில் படித்த பிள்ளை முதல் கட்டத்தைத் தன் மொழியில் எழுதிவிட்டு, அசல் சண்டையை அடுத்தவர் மொழியில் போட வேண்டும். அதற்கு அப்புறமும் உள்ளே போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் முதல் மாலை போடவேண்டும்.

ஜூன் 9, கொஞ்சம் கழித்து

"சாப்பாடு மட்டும் போட்டாலும்" என்று எழுதியதற்கு, அந்த மெஸ்ஸில் சாப்பிட்ட இரண்டு பேர் வந்து கண்டனம் தெரிவித்திருக்கிறார்கள். அந்தச் சாப்பாட்டையும் தாண்டித் தேறியதால் முழுப் பெருமையும் தங்களுக்கே சேரும் என்கிறார்கள். பதிவு செய்துகொள்ளப்பட்டது.

ஜூன் 11

ஆதாரம் கேட்டவருக்கு. அமெரிக்காவில் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்று இரண்டு பேர் 2002இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 1976இல் கல்லூரியில் சேர்ந்தவர்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரே தரத்துக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, ஒரே மாதிரி இடமும் கிடைத்தவர்களை ஜோடி ஜோடியாக வைத்துப் பார்த்தார்கள். ஒருவர் பெரிய பெயருள்ள கல்லூரிக்குப் போயிருப்பார். இன்னொருவர் அங்கே இடம் கிடைத்தும் அதைவிடச் சாதாரணமான இடத்துக்குப் போயிருப்பார், வீட்டுக்குப் பக்கம் என்றோ செலவு கம்மி என்றோ. பல வருடம் கழித்து இருவர் சம்பளத்திலும் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் இல்லை.

ஆனால் அந்த ஆய்வில் ஒரு விதிவிலக்கு இருந்தது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெரிய கல்லூரியால் வருமானம் கூடியது. 1989இல் சேர்ந்தவர்களை வைத்துப் பின்னால் பார்த்தபோதும் இதேதான். கறுப்பின மாணவர்கள், ஹிஸ்பானிய மாணவர்கள், பெற்றோர் அதிகம் படிக்காத மாணவர்கள் ஆகியோருக்குப் பலன் தெரிந்தது, மற்றவர்களுக்குத் தெரியவில்லை.

கல்லூரியே வேண்டாம் என்கிற கோஷ்டி முதல் பத்தியை மட்டும் பகிர்கிறது. எனக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

ஜூன் 12

"அது பழைய கதை, புதுசாக ஒன்று வந்திருக்கிறது" என்று ஒருவர் பிடித்துக்கொண்டார். ஆமாம், வந்திருக்கிறது. ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் மூவரும் 2023இல் செய்தது. அமெரிக்காவின் பழம்பெரும் ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் எட்டோடு ஸ்டான்ஃபோர்டு, எம்ஐடி, சிகாகோ, டியூக் சேர்த்துப் பன்னிரண்டு கல்லூரிகள். அங்கே காத்திருப்போர் பட்டியலில் இருந்து இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காமல் நல்ல அரசுப் பல்கலைக்கழகங்களுக்குப் போனவர்களையும் ஒப்பிட்டார்கள். சராசரிச் சம்பளத்தில் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் வருமானத்தில் முதல் ஒரு சதவீதத்துக்குள் நுழையும் வாய்ப்பு, உள்ளே போனவர்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பேர்பெற்ற நிறுவனங்களில் வேலை கிடைக்கும் வாய்ப்பு மூன்று மடங்கு வரை.

ஆக நல்ல வேலை, வீட்டுக் கடன், கார் என்கிற அளவுக்கு எந்த நல்ல கல்லூரியும் போதும். உச்சாணிக் கொம்புக்குப் போகத்தான் பேர் உதவுகிறது. கேள்வி கேட்ட அப்பா காட்டிய உதாரணம் மூன்றுமே உச்சாணிக் கொம்பு என்பதைக் கவனியுங்கள்.

இந்தியாவைப் பற்றிக் கேட்டால் ஷீத்தல் சேக்ரியின் ஆய்வு இருக்கிறது, 2020இல் வந்தது. பேர்பெற்ற அரசுக் கல்லூரிகளில் கட்-ஆஃபை மயிரிழையில் தாண்டியவர்களையும் மயிரிழையில் தவறவிட்டு வேறு கல்லூரிக்குப் போனவர்களையும் பார்த்தார். படிப்பு முடிக்கிற தேர்வில் இரண்டு தரப்பும் வாங்கிய மார்க்கில் வித்தியாசம் இல்லை. சம்பளத்தில் இருந்தது. இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. ஏன் என்று விலாவாரியாக எழுத வேண்டும், ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன்.

ஜூன் 15

கொங்குப் பக்கம், பைபாஸ் ஓரம் ஒரு தனியார் கல்லூரி. பெயர் வேண்டாம். 2010இல் எலெக்ட்ரானிக்ஸில் சேர்ந்தேன். லேபில் சிஆர்ஓ (மின் அலையைத் திரையில் காட்டுகிற கருவி) வரிசையாக அடுக்கியிருக்கும், பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாமல். ஓடுவது இரண்டு. மற்றதெல்லாம் இன்ஸ்பெக்‌ஷன் வருகிற அன்றைக்கு உறை கழற்றித் துடைத்து வைக்கப்படும், குழு கிளம்பியதும் திரும்பப் போர்த்தப்படும். எங்கள் பேட்ச்சில் ஒருவன் நாபைத் திருகுவான். மற்றவர்கள் சீனியர் ரெக்கார்டிலிருந்து ரீடிங்கை ஈயடிச்சான் காப்பி அடிப்போம். அந்த ரீடிங் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது. ஒருமுறை லேப் அசிஸ்டெண்ட் அண்ணனே சிரித்துக்கொண்டே சொன்னார், "இந்த வேவ்ஃபார்ம் என் சர்வீஸுக்கு முன்னாடியே வந்ததுப்பா."

மேற்படிப்புக்குக் கேட் என்று ஒரு தேர்வு இருப்பது எனக்கு எப்படித் தெரியவந்தது? எங்களுக்கு சிக்னல்ஸ் எடுத்த இளம் விரிவுரையாளர் ஒருவர், ஸ்டாஃப் ரூமில் அட்டெண்டன்ஸ் நோட்டுக்கு அடியில் கேட் புத்தகத்தை மறைத்து வைத்துப் படித்துக்கொண்டிருப்பார். சொற்பச் சம்பளம், எப்படியாவது வெளியே போய்விட வேண்டும் என்று துடிப்பு. சந்தேகம் கேட்கப் போன என்னிடம் "நீயும் ஃபார்ம் போடுறா, நான் நோட்ஸ் தர்றேன்" என்றார். ஜெராக்ஸ் எடுத்த நோட்ஸ், அதில் டீக்கறை. அடுத்த ஜூனில் அவர் வேலையை விட்டுவிட்டார். நான் கேட் எழுதி, கிண்டி பொறியியல் கல்லூரியில் எம்.இ. சேர்ந்தேன். கல்லூரி வாசலில் என் படத்தோடு பேனர் வைத்தார்கள். அவர் பெயர் அதில் எங்கும் இல்லை. அவர் பெயரைச் சொல்லவேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றியிருக்காது, அவர் இருந்ததே பாதிப் பேருக்கு நினைவில்லை.

அப்புறம் கிண்டி. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய இடம். சிவப்புக் கட்டடம், பழைய மரங்கள், போகிற வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு மிடுக்கு. பாடம் நடத்துவதில் வானத்துக்கும் பூமிக்கும் வித்தியாசம் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனேன். இல்லை. அங்கேயும் மஞ்சள் ஏறிப்போன நோட்ஸைப் பார்த்துப் படித்தவர்கள் உண்டு. ஒரே ஒரு பேராசிரியரை விதிவிலக்காகச் சொல்வேன். என் அசைன்மெண்ட்டை மூன்றாம் பக்கத்தோடு நிறுத்தி, சிவப்பு மையில் "இதை நீ நம்புகிறாயா?" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். அதுவரை நான் எழுதிய எதையும் நம்ப வேண்டிய அவசியம் எனக்கு ஏற்பட்டதே இல்லை.

மற்றபடி அசல் வித்தியாசம் விடுதியில் இருந்தது. பழைய கல்லூரியில் வெளிநாட்டுப் படிப்பு என்று வாயெடுத்தால் "அதெல்லாம் நமக்கெதுக்குப்பா" என்பார்கள், அக்கறையாகத்தான் சொல்வார்கள். கிண்டியில் அதே பேச்சுக்கு வந்த பதில், "எங்க சீனியர் ஒருத்தர் அங்கதான் இருக்கார், நம்பர் தர்றேன்." பேராசிரியருக்கு மெயில் எப்படி எழுதுவது, ரெஸ்யூமேயில் எதை வெட்டுவது, எந்த கம்பெனி இண்டர்வியூவில் எதைக் கேட்பான் என்பதெல்லாம் பக்கத்து அறையில் கட்டிலில் படுத்துக்கொண்டே ஒருவன் சொல்லிவிடுவான். அவன் என்னைவிட அறிவாளி என்று இல்லை. அவன் அண்ணனோ மாமாவோ அந்த வழியாக ஏற்கெனவே போயிருந்தார்கள், அவ்வளவுதான். என் வீட்டில் அந்த வழியில் போன முதல் ஆள் நான்.

ஜூன் 11இல் சொன்ன விதிவிலக்கு இங்கேதான் வந்து உட்காருகிறது. அந்தப் பக்கத்து அறைக்காரன் கிண்டிக்கு வராமல் வேறெங்கே போயிருந்தாலும் அவனுக்கு அந்த நம்பர் கிடைத்திருக்கும். எனக்குக் கிடைத்திருக்காது.

ஜூன் 16

"அப்படியானால் பங்கு விடுதிக்குத்தானே, கல்லூரிக்கு என்ன?" என்று நல்ல கேள்வி கேட்டிருக்கிறார் ஒருவர். விடுதியைக் கட்டியது யார்? அரசாங்கம், நம் வரிப் பணத்தில். தீப்பெட்டி வாங்கினவருக்கும் அதில் பங்கு உண்டு. பேனர் வைக்கத்தான் ஆளில்லை.

ஜூன் 19

வேலை விஷயம். சேக்ரி கண்டதற்கு என் பக்கத்து விளக்கம்.

பி.இ. கடைசி வருடத்தில் எங்கள் கல்லூரிக்குப் பெரிய கம்பெனி எதுவும் வரவில்லை. ஆன்லைனில் விண்ணப்பித்தோம். ஒரு நிறுவனத்தின் படிவத்தில் "கல்லூரியின் பெயர்" என்ற இடத்தில் கீழே விரிகிற ஒரு பட்டியல் இருந்தது. அகர வரிசையில் மேலிருந்து கீழே வரை தேடினேன். எங்கள் கல்லூரி இல்லை. கடைசியில் "மற்றவை". அதைத் தேர்ந்தெடுத்தால் இன்னொரு பெட்டி திறக்கும், பெயரை எழுதலாம் என்று நினைத்தேன். திறக்கவில்லை. "மற்றவை" என்பதோடு சரி. பதிலும் வரவில்லை.

இப்போது நான் மேசையின் இந்தப் பக்கம் இருக்கிறேன். ஓஎம்ஆரில் ஒரு நிறுவனம். புதியவர்களை எடுக்கும்போது விண்ணப்பம் ஆயிரக்கணக்கில் குவியும். இண்டர்வியூ எடுக்க எங்கள் டீமில் நாலைந்து பேர். ஹெச்.ஆர். பையன் எக்ஸெல்லைத் திறந்து, கல்லூரிப் பெயர் இருந்த வரிசையில் ஃபில்டரைப் போட்டான். ஒரே சொடுக்கில் பட்டியல் நூற்றுக்கும் கீழே இறங்கியது. கெட்ட எண்ணம் கிடையாது, வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும். நான் தனியாக உட்கார்ந்து மீதியிலிருந்து கொஞ்சம் பேரை எடுத்துச் சேர்த்தேன், ப்ராஜெக்ட் உருப்படியாக இருந்தவர்களை. எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று கேட்டால், அதிலும் அவரவருக்கு ஃபில்டர் உண்டு. தாங்கள் எழுதிய புரோகிராம்களைப் போட்டுவைக்க இணையத்தில் கிட்ஹப் கணக்கு வைத்திருக்கத் தெரிந்த பிள்ளைகளை நான் எடுத்தேன். தெரியாத பிள்ளைகளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முதல் வேலை ஃபில்டரால் வருகிறது. இரண்டாவது வேலை முதல் வேலையின் பெயரால் வருகிறது. மூன்றாவது ரெஃபரலில். பத்து வருடம் கழித்து ஆள் எங்கோ போய் நிற்கிறார், கல்லூரி "எங்கள் மாணவர்" என்கிறது. பொய் இல்லை. ஆனால் இதில் நாலு வருடம் கற்றுக்கொடுத்தது எவ்வளவு, எக்ஸெல்லில் இருந்த நாலு எழுத்து எவ்வளவு என்று யாராவது பிரித்துக் கொடுங்கள்.

ஜூன் 22

திசை மாறுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ராமானுஜனை யாரும் இன்னும் இழுக்கவில்லையே என்று பார்த்தேன், இழுத்துவிட்டார்கள்.

கும்பகோணம் அரசுக் கல்லூரிக்கு ஒரு காலத்தில் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று பெயர். ராமானுஜன் 1904இல் உதவித்தொகையோடு அங்கே சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் கோட்டைவிட்டதால் உதவித்தொகை போனது. அடுத்து சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கே எஃப்.ஏ. (பட்டப் படிப்புக்கு முந்தைய தேர்வு) தேறவில்லை, மறுபடி எழுதியும் தேறவில்லை. பட்டம் இல்லாமல் 1912இல் துறைமுகத்தில் குமாஸ்தா, மாதம் 30 ரூபாய். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 1914இல் அசல் கேம்பிரிட்ஜ்.

இன்றைக்கு அவர் பெயரைச் சொல்லாத கல்லூரி உண்டா? ஃபெயில் போட்ட கல்லூரிக்கும் அவர் "எங்கள் மாணவர்"தான். என்னைக் கேட்டால் பெருமை சேரவேண்டிய இடங்களில் ஒன்று துறைமுக அலுவலகம். மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரும் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் குமாஸ்தா வேலைக்கு நடுவே அவர் கணக்குப் போட விட்டார்கள், அவருக்காகப் பேசவும் செய்தார்கள். அப்புறம் அந்த 75 ரூபாய். விதியை வளைத்துத்தான் கொடுத்தார்கள், பட்டம் இல்லாதவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை. ஒரு பல்கலைக்கழகம் பெருமைப்பட வேண்டியது இந்த மாதிரிக் காரியத்துக்குத்தான்.

ஜூன் 23

சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் யார் கணக்கில் வருவார் என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். விழுப்புரத்தில் பாலிடெக்னிக், சென்னைப் புறநகரில் தனியார் கல்லூரியில் பி.இ., திருச்சி என்ஐடி, ஐஐடி மெட்ராஸில் முனைவர் பட்டம். ஆளுக்குக் கால் பங்கு. இறங்கியது நிலவின் தென்துருவப் பக்கம், பேனர் மட்டும் நாலு ஊரில் வைக்கலாம்.

மயில்சாமி அண்ணாதுரை கோவை ஜிசிடி, பிஎஸ்ஜி. கலாம் திருச்சி ஜோசப் கல்லூரி, குரோம்பேட்டை எம்ஐடி. ஜேஇஇ இல்லாமல் ராக்கெட் விட முடியும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

ஜூன் 28

நான் கல்லூரிக்குப் பங்கே இல்லை என்று சொல்வதாக ஒருவர் முடிவுகட்டி, என்னோடு சண்டையும் போட்டு, ஜெயித்தும்விட்டார். வாழ்த்துகள். நான் சொல்வது வேறு. பங்கு உண்டு, ஆனால் அவர்கள் கை காட்டுகிற இடத்தில் இல்லை.

அக்னிகுல் நிறுவனத்தைப் பாருங்கள். 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் தங்கள் சொந்த ஏவுதளத்திலிருந்து ராக்கெட் விட்டார்கள், முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக வார்த்த எஞ்சினோடு. நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீநாத் ரவிச்சந்திரன் கிண்டியில் படித்தவர், ஐஐடிக்காரர் இல்லை. ஆனால் நிறுவனம் வளர்ந்தது ஐஐடி மெட்ராஸில், பேராசிரியர் சத்யநாராயணன் சக்ரவர்த்தியின் துணையோடு. எரிதலைப் பற்றி வருடக்கணக்காக ஆராய்ந்த ஒரு கூடமும் ஆட்களும் அங்கே தயாராக இருந்ததால் நடந்தது. இதில் ஐஐடிக்கு முழு மரியாதை. பதினேழு வயதில் யார் எத்தனை மார்க் எடுத்தார்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொன்று, 2020இல் ஐஐடி மெட்ராஸ் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயன்ஸ் படிப்பு. ஜேஇஇ கிடையாது. நாலு வாரம் பாடம் நடத்தி, அதிலிருந்தே தகுதித் தேர்வு வைத்துச் சேர்க்கிறார்கள். என் அத்தை மகன் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டே படிக்கிறான். இரவு ஒன்பதுக்குக் கடை அடைத்த பிறகுதான் புத்தகம். அவனைப் போன்றவர்கள் நன்றாக வந்தால் "நாங்கள் கற்றுக்கொடுத்தோம்" என்று அந்த நிறுவனம் தாராளமாகச் சொல்லலாம். பி.டெக். மாணவரைக் காட்டிச் சொல்வதைவிட அதை நான் சீக்கிரம் நம்புவேன்.

ஸோஹோவைப் பற்றி ஒரு வரி. வேம்பு ஐஐடி மெட்ராஸ், பிரின்ஸ்டன் என்று படித்தவர். அவர் கம்பெனி இருபது வருடமாகப் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்த பிள்ளைகளை எடுத்து, உதவித்தொகை கொடுத்து, தானே சொல்லிக்கொடுத்து வேலையில் வைக்கிறது. கேள்வி கேட்டவர் அவரைத் தன் பட்டியலில் சேர்த்தபோது இதை யோசித்தாரா தெரியாது.

மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசையில் ஐஐடி மெட்ராஸ் 2016இலிருந்து பொறியியலில் முதலிடம். அந்த மதிப்பீட்டில் படித்து வெளியேறியவர்களின் நிலைக்கு 20 மதிப்பெண், வெளியில் இருக்கும் பேருக்கு 10. உள்ளே நுழைந்தபோது அவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. எங்கள் பைபாஸ் கல்லூரி எந்த வரிசையிலும் வராது. ஆனால் என் வகுப்பில் பள்ளிபாளையத்திலிருந்து தறிக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் இருந்தான், முதல் பட்டதாரிச் சலுகையில் சேர்ந்தவன். முதல் வருடம் வைவாவில் தன் பெயரைச் சொல்லவே நாக்கு ஒட்டிக்கொள்ளும். இன்றைக்குக் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் சர்வீஸ் பிரிவையே நடத்துகிறான், அப்பா கடன் முழுக்க அடைந்தது. ஓடாத சிஆர்ஓவை வைத்துக்கொண்டு அந்தக் கல்லூரி செய்த காரியம் அது. அவன் அங்கே சேராமல் இருந்தால் தறியில்தான் இருந்திருப்பான். என்னைவிட அவன்தான் அந்தக் கல்லூரிக்கு நியாயமான பேனர்.

ஜூன் 28, இரவு

ஒன்று விட்டுப்போனது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2021இலிருந்து பொறியியலிலும் இருக்கிறது. அதில் கிண்டிக்குள் வருகிற பிள்ளைகளுக்கு அந்த நாலு வருடம் என்ன செய்கிறது என்று யாராவது பொறுமையாகத் தொடர்ந்து பார்க்க வேண்டும். கல்லூரி எவ்வளவு கொடுக்கிறது என்பது அங்கேதான் தெரியும்.

ஜூலை 3

200க்கு 186 கட்-ஆஃப் வைத்திருக்கும் பையனின் அப்பா கேட்டிருக்கிறார்: கிண்டியில் சுரங்கமோ பிரிண்டிங்கோ கிடைத்தால் போவதா, ஊர்ப் பக்கம் தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயன்ஸா? இவ்வளவு பேசியவன் இப்போது நழுவ முடியாது.

ஐயா, முதலில் உங்கள் வீட்டைப் பாருங்கள். சொந்தத்தில் நாலு பேர் ஐடியில் இருக்கிறார்கள், பையனுக்கு ஆங்கிலம் சரளம், எதற்கும் ஃபோன் போட ஆள் உண்டு என்றால் பிடித்த பிரான்ச் எங்கே இருக்கிறதோ அங்கே சேருங்கள். கல்லூரிப் பெயர் அவனுக்குப் பெரிதாக எதையும் கூட்டாது. வீட்டில் முதல் பட்டதாரி அவன்தான் என்றால் நான் கிண்டி என்பேன், பிரான்ச் இரண்டாம் பட்சம். கோடிங் தனியாகக் கற்றுக்கொள்ளலாம். பக்கத்து அறைக்காரனைத் தனியாக வாங்க முடியாது. ஆனால் சுரங்கம் என்ற பேச்சுக்கே பையன் முகம் சுருங்கினால் வற்புறுத்தாதீர்கள், அரியர் சேர்ந்துவிடும்.

தனியார் கல்லூரி என்றால் "அதிகபட்ச பேக்கேஜ்" என்று அச்சடித்த பக்கத்தைத் திருப்பிவிடுங்கள். ஒரே பையனுக்கு மூன்று ஆஃபர் வந்தால் மூன்று வேலை என்று எண்ணுகிற இடங்கள் உண்டு. என்ஐஆர்எஃப்புக்கு அவர்கள் கொடுத்த தரவு கல்லூரி இணையதளத்திலேயே இருக்கும், இருக்கவும் வேண்டும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், குறித்த காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், சம்பளத்தின் இடைநிலை மதிப்பு என்ன என்று பாருங்கள். அப்புறம் ஒரு வேலை நாளில் சாயங்காலம் நேரில் போய், மூன்றாம் வருடப் பிள்ளைகள் இரண்டு பேரிடம் கேண்டீனில் பேசுங்கள். பிளேஸ்மெண்ட் ஆபீசரிடம் வேண்டாம். லேப் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கேளுங்கள். சிஆர்ஓவுக்கு உறை போட்டிருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள்.

ஜூலை 4

அதே அப்பா மறுபடி. கவுன்சலிங்கில் சாய்ஸ் கொடுக்கும்போது "கிடைக்காது" என்று நினைக்கிற கல்லூரியைக் கீழே போடலாமா என்கிறார். போடாதீர்கள். நீங்கள் கொடுத்த வரிசைப்படிதான் மேலிருந்து பார்த்துக்கொண்டு வருவார்கள். கிடைக்காததை மேலே வைப்பதால் நஷ்டம் ஒன்றும் இல்லை. கீழே தள்ளினால்தான் கிடைத்திருக்கக்கூடியதும் போகும். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உறுதிசெய்ய இரண்டு நாள்தான் தருவார்கள். அந்த இரண்டு நாளில் குலதெய்வம் கோயிலுக்கு வண்டி கட்டாதீர்கள், அங்கே சிக்னல் இருக்காது.